கௌலிங் கடை வாசலில் விழுந்த கூடை

ஹை ஃபோல்ட் நர்சரி
21 பிப்ரவரி 1994

வில்ஃப்,

நீ எனிடைக் கல்யாணம் செய்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நான் அவளுக்குத் தங்கையாகி ஐம்பது வருஷம் ஆகிறது. என் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்த உனக்கு யார் உரிமை கொடுத்தது?

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டாலும் மீதி அங்கேயே இருக்கும்.

சனிக்கிழமை பார்லி சூப் பாத்திரத்தோடு உன் வாசலில் மழையில் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவைப் பார்க்க வந்தவள் நான். நீ கதவை ஒரு சாண் திறந்து, "உள்ள வராத தோரா. நீ செஞ்சதே போதும்" என்றாய். எதிர்வீட்டு ஹக்கர்பி அம்மாள் திரையை விலக்கி வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். சூப்பைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். குடித்தாளா, நாய்க்கு ஊற்றினாயா, தெரியாது.

அதற்கு முந்தைய வாரம் நீ செய்ததையும் மறக்கவில்லை. தெருச் சுவர்களில் மிச்சம் தொங்கிய இருபத்தொரு செடிக்கூடைகளையும் கழற்றி, லாரியில் போட்டு வந்து, என் கேட்டுக்கு முன்னால் குப்பை கொட்டுவதுபோலக் கொட்டிவிட்டுப் போனாய். பால்காரரிடம், "இந்த அம்மாவோட கொலைகாரச் செடிங்க" என்று சொன்னாயாம். அவர் எனக்கும் பால் ஊற்றுகிறார் என்பதை யோசித்தாயா?

ஒன்பதாம் தேதி அடித்தது சாதாரணக் காற்று அல்ல. தேவாலயக் கூரையில் ஓடு பறந்தது. கௌலிங் கறிக்கடை வாசலில் ஒரு கூடை விழுந்தது, கீழே எனிட் நின்றிருந்தாள். அதை நினைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கூடையில் ஒரு செடிகூடச் செத்திருக்கவில்லை. ஒரு சங்கிலிகூட அறுந்திருக்கவில்லை. தாங்கியிருந்த இரும்புப் பிராக்கெட்டோடு சேர்ந்து விழுந்தது. பிராக்கெட்டைச் சுவரில் பொருத்தியது நான் இல்லை.

ஞாயிறன்று வருவேன். கதவைத் திற.

தோரா


பெக் சந்து
26 பிப்ரவரி

தோரா,

ஞாயிறு வராதே. அவள் தூங்க வேண்டும்.

எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்கவில்லை நீ. உன் செடி சாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். செடிக்கு என் வாழ்த்தைச் சொல்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தோள்பட்டை எலும்பு சேர்ந்துவிடும் என்கிறார்கள். தலை அப்படி இல்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஞாபகம் இல்லை. சொற்கள் மாறி வருகின்றன. நேற்று கெட்டிலைக் காட்டி, "அந்தக் கேட்டை அடுப்புல வை" என்றாள். நான் சிரிக்காமல் வைத்தேன். மூக்கு போய்விட்டது. வாசனையே தெரியவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் இருந்தவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். பால் பொங்கி, தீய்ந்து, வீடெல்லாம் புகை. நான் ஓடிவந்து அணைத்தபோது, "ஏன் ஓடி வர்ற?" என்று கேட்கிறாள்.

உன் புத்தியில் ஒன்று ஏறாது. முன்பு நாம் தொங்கவிட்ட பெட்டூனியாப் பூச்செடியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. செப்டம்பரில் செத்துவிடும். செத்ததும் இறக்கிவிடுவோம். பனியும் காற்றும் வரும்போது சுவரில் எதுவும் இருக்காது. இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் இருந்தது. யார் தலையிலும் எதுவும் விழவில்லை. நீதான் தெரு அலங்காரக் குழுவில் எழுந்து நின்று பன்னிரண்டு மாதமும் பச்சை வேண்டும் என்றாய். ஜனவரியில் பச்சையை யார் கேட்டார்கள்? ஆடுகளுக்கே கிடைக்காத பச்சை.

அந்தக் கூடை எவ்வளவு கனம்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

வில்ஃப்


ஹை ஃபோல்ட்
4 மார்ச்

வில்ஃப்,

ஜனவரியில் பச்சையை யார் கேட்டார்கள் என்கிறாயே. உன் மனைவி கேட்டாள். தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் நான் செடி நடும் பானைமேசைக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்து, "தெருவப் பாத்தா துக்க வீடு மாதிரி இருக்கு தோரா. நாலு இலையாவது தொங்கவிட முடியாதா?" என்றாள். உன்னிடம் சொன்னதில்லையா? சொல்லியிருப்பாள். நீ பேப்பருக்குப் பின்னால் இருந்திருப்பாய்.

நான் என்னவோ ஒரு காலையில் எழுந்து கையில் கிடைத்ததை நட்டுத் தொங்கவிட்டதுபோல எழுதுகிறாய். அவள் கேட்பதற்கு முன்பிருந்தே ஏழு குளிர்காலம் நட்டுப் பார்த்திருக்கிறேன். தரையில் இருக்கும் செடிக்குக் குளிர் மேலிருந்துதான் இறங்கும். கூடையில் இருப்பதற்கு அடியிலும் நாலு பக்கமும் வேர் உறையும். தரையில் தாங்கும் செடியில் பாதி, கூடையில் தாங்காது. லாவெண்டர் அழுகியது. ஃபியூஷியா முதல் உறைபனியிலேயே கருகியது. பெரிய இலை ஐவிக் கொடி பாய் மாதிரி காற்றைப் பிடித்து வேரோடு வந்தது. அதனால் சின்ன இலை ஐவி. விளிம்பில் வாசனை இலைத் தைம், பெரிவிங்கிள். நடுவில் ஸ்கிம்மியா, அதன் சிவப்பு மொட்டு குளிர்காலம் முழுக்க விரியாமல் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஹெதர், வெண்கல நிறக் கோரை. சதுப்பு மண் ஒரு முறை உறைந்து உலர்ந்தால் பிறகு தண்ணீர் ஏற்காது. அதனால் தோட்டமண்ணும் சரளையும் கலந்தேன். சுற்றிலும் ஆட்டு ரோமம் வைத்தேன், வேர் உறையாமலிருக்க. இதற்குப் பெயர் பேராசை என்றால் உன் கல்வேலைக்கு என்ன பெயர்?

இரண்டு குளிர்காலம் தாங்கின. தெருவில் நின்று பார்த்தவர்கள் நிறையப் பேர். அதில் நீயும் ஒருவன்.

இப்போது நான் கேட்கிறேன். செவ்வாயன்று கௌலிங் என்னைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். பிராக்கெட் இருந்த இடத்தில் இரண்டு துளைகள். மேலே விரற்கடை அளவு புதுச் சாந்து. உள்ளே பழைய மர ஆப்பு, மக்கிப்போய், நகத்தால் கிள்ளினால் தூளாக வருகிறது. தொண்ணூற்றிரண்டு அக்டோபரில் குழுவுக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "இருபத்திரண்டையும் புதுசாத் துளை போட்டு, இரும்பு போல்ட் எறக்கிட்டேன். சுவரு விழும், பிராக்கெட் விழாது." எல்லோரும் கைதட்டினார்கள். கௌலிங் சுவரில் போல்ட் எங்கே வில்ஃப்?

தோரா


பெக் சந்து
13 மார்ச்

தோரா,

கனம் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு பக்கத்துக்குச் செடிப் பெயர் எழுதி அனுப்பியிருக்கிறாய்.

நீ சொல்லாவிட்டால் போகிறது. விழுந்த கூடை என் கொட்டகையில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் உன்னிடம் கொட்டினேன், அதை மட்டும் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எப்படி நனைந்திருந்ததோ அப்படியே தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, வடியவிட்டு, கௌலிங் தராசில் தூக்கிப் போட்டேன். அவர் முன்னால்தான். பத்தொன்பது கிலோ. மேலே பனிக்கட்டி பிடித்தால் இன்னும் ஏறும்.

கோடைக்காலக் கூடை ஒன்பது. அதுவும் தண்ணீர் ஊற்றிய கையோடு.

அக்டோபரில் என் கொட்டகை வாசலில் நின்று நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? "புதுக் கூடை எவ்வளவு இருக்கும்?" என்று. நீ கையுறையை உருவிக்கொண்டே, "பழசு மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே" என்றாய். முன்னே பின்னே. பத்து கிலோ முன்னே பின்னே. உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. விதையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பொட்டலம் போடுகிறவள் நீ.

மர ஆப்பைப் பற்றி எழுதியிருந்தாய். என் வேலையைப் பற்றிப் பேச உனக்கு வாய் கிடையாது. ஒன்பது கிலோவுக்கு அந்த ஆப்பு இன்னும் இருபது வருஷம் தாங்கியிருக்கும்.

வில்ஃப்


ஹை ஃபோல்ட்
25 மார்ச்

வில்ஃப்,

ஆக, ஆப்பு பழையதுதான். உன் கையாலேயே எழுதிவிட்டாய். திரும்பப் படித்துப் பார்க்காமல் உறையை ஒட்டுகிறவன் நீ என்று எனக்குத் தெரியும்.

கனம் பற்றி. தெரியும். பதினாறு வரை என்று தெரியும். பத்தொன்பது என்று தெரியாது, ஆட்டு ரோமம் அவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று நினைக்கவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ குழுவில் சொல்லியிருப்பாய். குழு வேண்டாம் என்றிருக்கும். ஏழு வருஷ வேலை ஒரு கை தூக்கலில் போயிருக்கும். இரும்பு போல்ட் போடுகிறான், இருபது கிலோவும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதுமா? இப்போது கேள்.

நேற்று எனிட் இங்கே வந்தாள். தனியாக, பதினொரு மணி பஸ்ஸில், தலையில் துணி கட்டிக்கொண்டு. உனக்குச் சொல்லாமல் வந்திருக்கிறாள், அதற்காக அவளைத் திட்டாதே. பானைமேசைக்கு எதிரில் அதே முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு செடியிலிருந்து இலை கிள்ளி, கசக்கி, மூக்கிடம் கொண்டுபோனாள்.

"தைம்தானே? இலையப் பாத்துதான் சொல்றேன். மூக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தோரா, நெசத்தச் சொல்லு. நான் குடையால இழுத்தேனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னாள். இன்ஷூரன்ஸ் ஆள் உங்கள் வீட்டுக்கு வந்தானாம். கூடைகளை அவள் தொடுவது வழக்கமா என்று கேட்டானாம். நீ, "போறப்ப வர்றப்ப நோண்டிக்கிட்டேதான் இருப்பா. காஞ்ச பூவக் கிள்ளணும்னு குடைக் கைப்பிடியால கீழ இழுப்பா" என்று சொன்னாயாம். அவன் எழுதிக்கொண்டானாம். மே பதினொன்றாம் தேதி நகர மன்ற விசாரணையில் அதைத்தான் படிக்கப்போகிறார்கள்.

கோடையில் ஒரு முறை இழுத்தாள். ஒரே ஒரு முறை. நீயும் நானும் பார்த்துச் சிரித்தோம். புயலில், ஒரு கையில் இறைச்சிப் பொட்டலத்தோடு ஒருத்தி நின்று பூக் கிள்ளுவாளா? தலையில் அடிபட்டு வாயில் சொல் வராமல் கிடக்கிறவள் மேலேயே தூக்கி வைத்தாயே, நீ மனுஷன்தானா? உன் மக்கிப்போன ஆப்பை மறைக்கக் கட்டிய பெண்டாட்டியை விற்றுவிட்டாய்.

தோரா


பெக் சந்து
2 ஏப்ரல்

தோரா,

அவள் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்? அதை எழுதவில்லையே. நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "மெதுவா ஞாபகம் வரும் எனிட், அவசரப்படாதே" என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். 'இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால், பிறகு ஏன் விழுந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதனால் நீயும் சொல்லவில்லை. நான் விற்றேன் என்றால் நீ பக்கத்தில் நின்று தாளில் சுற்றிக் கொடுத்தாய்.

அந்த ஆளிடம் நான் யோசித்துச் சொல்லவில்லை. அவன் கேட்டான், வாயில் வந்துவிட்டது. வந்தபிறகு திருப்பி எடுக்கவில்லை. அது என் தப்பு.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நீ எப்படியும் தோண்டி எடுப்பாய்.

பதினாறு துளை புதிதாகப் போட்டேன். அது உண்மை, போய்ப் பார். பதினாறாவது முடிந்ததும் வலது கையில் நாலு விரலும் மெழுகுத்திரி மாதிரி வெள்ளையாகிவிட்டது. குத்தினாலும் தெரியவில்லை. டிரில் கையை விட்டு நழுவி ஏணியிலிருந்து கீழே விழுந்தது. நல்லவேளை யாரும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அதிர்கிற இயந்திரத்தைப் பிடித்த கை, இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கௌலிங் கடையிலிருந்து தபால் நிலையம் வரை ஆறு பாக்கி. பழைய ஆப்பைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருப்பதுபோல இருந்தது. மேலே சாந்து பூசிவிட்டு இறங்கினேன். கை போன கொத்தனுக்கு இந்த ஊரில் யார் சுவரைக் கொடுப்பார்கள்?

எனிடுக்குத் தெரியாது. நான் கோப்பையைக் கீழே போட்டால் கோபத்தில் போடுகிறேன் என்று நினைக்கிறாள். நானும் கோபம் மாதிரி காட்டிக்கொள்கிறேன். கோபக்காரப் புருஷன் பரவாயில்லை, கை விளங்காத புருஷன் வேண்டாம்.

இதைப் படித்ததும் எரித்துவிடு. விசாரணையில் வாயை மூடிக்கொண்டிரு. நானும் உன் பத்தொன்பது கிலோவைப் பற்றிப் பேசமாட்டேன். கௌலிங்கும் பேசமாட்டார், அவருக்கு அவர் சுவரைப் பற்றிப் பயம்.

வில்ஃப்


ஹை ஃபோல்ட்
24 ஏப்ரல்

வில்ஃப்,

மூன்று வாரமாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

உன் கையைப் பற்றிப் படித்ததும் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கடைசி பத்தியில் நீயே துடைத்துவிட்டாய். நீ என் கனத்தை மறைக்கிறாய், நான் உன் ஆப்பை மறைக்கிறேன், நடுவில் எனிட் குடையோடு நிற்கட்டும். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறாய். என்னைத் திட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது உனக்கு, என்னோடு கூட்டுச் சேர ஒரு பத்தி போதுமா?

எரிக்கமாட்டேன். உனக்குப் பயந்தும் இல்லை, உன்னை மாட்டவைக்கவும் இல்லை. என் வீட்டில் எதை எரிப்பது என்று நீ சொல்ல வேண்டாம்.

போன வியாழக்கிழமை தபால் நிலையத்தில் எனிடைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றாள். ஹக்கர்பி அம்மாள் அவளிடம், "அந்தக் கூடைங்கள சும்மா விட்டிருக்கக் கூடாதா எனிட்? பாவம், உன்னால வில்ஃபுக்கும் தோராவுக்கும் எவ்வளவு அலைச்சல்" என்கிறாள். எனிட் என்ன சொன்னாள் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க" என்றாள். அடிபட்டவள் மன்னிப்புக் கேட்கிறாள். நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் விதைப் பொட்டலங்கள். வாய் திறக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை அடித்தேன். யாரை அடிப்பது என்று தெரியாமல் அடித்தேன்.

பதினொன்றாம் தேதி நான் எழுந்து பத்தொன்பது கிலோ என்று சொல்லப்போகிறேன். தெரிந்தே 'பழசு மாதிரிதான்' என்று உன்னிடம் சொன்னதையும் சொல்வேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவரும் என்னிடம் ஒரு நாற்றுகூட வாங்காமல் போனாலும் சரி. உன் கையைப் பற்றியும் ஆறு ஆப்புகளைப் பற்றியும் நான் பேசமாட்டேன். அது உன்னுடையது. நீ சொல்லாவிட்டால் மக்கள் என்னை மட்டும் திட்டுவார்கள். திட்டட்டும். ஆனால் நீ அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது நான் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

தோரா


பெக் சந்து
6 மே

தோரா,

எனிட் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி என் கோட்டுப் பையில் கைவிட்டிருக்கிறாள். உன் கடிதம் நாலும் அங்கேதான் இருந்தன. நான் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. உன்னை எரிக்கச் சொல்லிவிட்டு நான் எரிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்துக்கொண்டு, காலை உணவிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து படித்திருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது சமையலறை மேசையில் நாலையும் தேதிப்படி அடுக்கி வைத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையக் காட்டு" என்றாள். காட்டினேன். விரல் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். "இது தெரியுதா? இது?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கையைக் கீழே விட்டாள்.

"மூணு மாசம் வில்ஃப். தினமும் நீ வேலைக்குப் போனப்புறம் குடைய எடுத்துக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னு பாப்பேன். எப்படி இழுத்திருப்பேன், எந்தக் கையால இழுத்திருப்பேன்னு. என் தலையில நானே போட்டுக்கிட்டேன்னு நம்பிட்டேன். நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருந்தீங்க."

நான் உன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஆமாம், அப்போதும் உன்னைக் குறை சொல்லத்தான் வாய் போனது. அவள் அடிக்கோலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதுல என் பேரு எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாத்தேன். எண்ண முடியல. எல்லாம் என்னைப் பத்திதான். என்னைப் பத்தி இவ்வளவு எழுதினீங்களே, எனக்குன்னு ஒரு வரி எழுதணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?"

சொல் ஒன்றுகூட மாறவில்லை. அடிபட்டதிலிருந்து அவள் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று காலை மோர்கம் போய்விட்டாள், அவளோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த இஸ்மே வீட்டுக்கு. பெட்டியைத் தூக்க வந்தேன். "உன் கைக்கு ஆகாது" என்று அவளே தூக்கிக்கொண்டாள். அடிபடாத தோளில்.

விசாரணைக்கு வருவாளா தெரியாது.

உன்மேல் கோபம் தீரவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வில்ஃப்


ஹை ஃபோல்ட்
15 மே

வில்ஃப்,

புதன்கிழமை அங்கே நடந்ததை உனக்கு எழுத வேண்டியதில்லை. நீயும்தான் இருந்தாய். ஆனால் நீ முதல் வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய், நான் பக்கவாட்டில் இருந்தேன். நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நான் எழுந்து கனத்தைச் சொன்னபோது தலைவர், "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பின்வரிசையில் கதவு திறந்தது அப்போதுதான். எனிட் வந்து, கோட்டைக் கழற்றாமல், கௌலிங் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னேன். பழைய கனம்தான் என்று உன்னிடம் தெரிந்தே பொய் சொன்னேன் என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டவுமில்லை, திருப்பிக்கொள்ளவுமில்லை.

பிறகு நீ எழுந்தாய். எழுந்திருக்கமாட்டாய் என்றுதான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த மக்கின ஆப்பைக் காகிதத்தில் மடித்துப் பையில் கொண்டுவந்திருப்பாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு, "இது நான் மாத்தாம வுட்டது. ஆறு எடத்துல வுட்டேன். கை வெளங்கல, சொல்ல வெக்கம்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாய். "எம் பொண்டாட்டி எதையும் இழுக்கல. நான் சொன்னது பொய்" என்றாய். நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் எனிட் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்திலா ஆத்திரத்திலா, என்னால் சொல்ல முடியவில்லை. ஹக்கர்பி அம்மாள் அவளிடம் ஏதோ சொல்ல எழுந்து, அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனிட் கூடையைத் தொடவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். தெருவில் இனிக் கூடை கிடையாது என்றும் எழுதிக்கொண்டார்கள், கோடைக்கும் கிடையாது. என் பெயரைக் குழுவிலிருந்து எடுத்தாயிற்று. உன் கையிலிருந்த பள்ளிக்கூட மதில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டும் நியாயம்தான்.

நான் படியிறங்குவதற்குள் அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நீ பின்னால் ஓடினாய். பஸ் கதவில் நின்று ஏதோ பேசினீர்கள். அவள் ஏறினாள், நீ ஏறவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகும் நீ அங்கேயே நின்றாய். என்ன சொன்னாள் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான் ஓடவில்லை. ஓடியிருந்தால் அவளிடம் உன்னைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அது எனக்கே தெரிந்தது, அதனால் நின்றுவிட்டேன்.

நம் கோபம் தீர்ந்துவிட்டது என்று நடிக்கமாட்டேன். பிப்ரவரியில் நீ சாத்திய கதவு இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது. உனக்கும் அந்தப் 'பழசு மாதிரிதான்' காதில் இருக்கும். இருக்கட்டும். ஆனால் உனக்கு எழுதுவதை இத்தோடு நிறுத்துகிறேன். உன்மேல் கோபமாக எழுதுவது எனக்கு எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன். பேனாவை எடுத்தால் போதும், பக்கம் நிறைந்துவிடும்.

இஸ்மே வீட்டு விலாசத்தை உறையில் எழுதி நாலு நாளாகிறது. காகிதத்தில் 'எனிட்' என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரி வரவில்லை. எழுதும் ஒவ்வொரு வரியிலும் உன் பெயர் வந்துவிடுகிறது, அடித்துவிடுகிறேன். நீயும் உன் மேசையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய், இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு.

நீ அவளுக்கு என்ன எழுதுகிறாய் என்று என்னிடம் சொல்லாதே. நான் எழுதுவதையும் கேட்காதே.

தோரா